ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

வருஷநாட்டு மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்றின் கருணையால் செழித்த பூமி. வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் கண்ணுக்கு விருந்து. அவ்விருந்தைக் காணும் பாக்கியம் இல்லாத வாலிபன் ஒருவன் என் பழைய மாணாக்கன். சென்ற ஆண்டு அவன் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு சர்க்கார் காரியாலயத்துக்குப் போனான்.

காரியம் சிறியதுதான், பதிவிலே விலாசத்தைத் திருத்த வேண்டும். ஆனால் குமாஸ்தா காகிதங்களை எடுத்து, கூடம் முழுவதும் கேட்கும்படி படிக்கத் தொடங்கிவிட்டார். பெயர், தகப்பனார் பெயர், ஊனத்தின் சதவிகிதம், எல்லாம் வந்தன. கடைசியாக, டாக்டர் எழுதியிருந்த காரணமும் வந்தது: பரம்பரையான விழித்திரை நோய். வரிசையில் அவன் ஊர்க்காரர் இருவர் நின்றிருந்தனர். அச்சமயம் அவன் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

"கண் தெரியாதது எல்லோரும் காண்பதுதானே? இதில் ரகசியம் என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவன் என்னிடம் சொன்னதே அதற்கு விடை: "ஸார், எனக்குக் கண் தெரியாதது ஊருக்குத் தெரியும். ஏன் தெரியவில்லை என்பதை ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்?"

ஆம். ஊர் அறிந்தது ஊனத்தை மட்டுமே. நோயின் காரணம், பாங்கிக் கணக்கு, உதவித்தொகை, டெலிபோன் நம்பர் ஆகிய யாவையும் காகிதம் அறியும். இவை வெளியே கசிந்தால் கலியாணம் தடைப்படும். மோசக்காரன் வாசலுக்கு வருவான்.

இந்த ஆபத்தை மற்ற நாட்டார் முன்பே உணர்ந்தார்கள். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சமூகக் காப்புச் சட்டம் பார்வையற்ற ஏழைகளுக்கு உதவித்தொகை அளித்தது. உதவி பெறுவோர் விவரங்களை அந்நிர்வாகத்துக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்று 1939-ல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். 1941 ஜூலை முதல் அது அமலுக்கு வந்தது.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. ஊனமுற்றோரின் உடல்நல விவரங்களின் அந்தரங்கத்தை மற்றவர்க்குச் சமமாகக் காக்க வேண்டும் என்னும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2007-ல் பாரதம் ஏற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். கம்ப்யூட்டரில் ஏறும் சொந்த விவரங்களைக் காக்க 2023-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது.

எனினும், பார்வையற்றவர் விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. தம் காகிதத்தைத் தாமே படிக்க இயலாதவர், பிறர் வாயால்தான் அதை அறிய வேண்டியிருக்கிறது. இதற்கு வழி நம் தேர்தல் விதிகளிலேயே இருக்கிறது. பார்வையற்ற வாக்காளர் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அத்துணைவர், வாக்கின் ரகசியத்தைக் காப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று வேறெவருக்கும் துணையாகச் சென்றதில்லை என்றும் உறுதி கூற வேண்டும். ஒரு வாக்குக்கு இத்தனை காவல்! ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கிய பதிவேட்டுக்கு ஏன் இல்லை?

கேட்பது பெரிதல்ல. கூடத்தில் பெயரை மட்டும் கூப்பிடட்டும். மற்றவற்றைத் தனியிடத்தில் மெல்லிய குரலில் கேட்கட்டும். படித்துச் சொல்லும் துணைவரை அந்த மனிதரே தேர்ந்துகொள்ளட்டும். கையெழுத்தோ ரேகையோ வாங்குமுன் முழுவதும் படித்துச் சொல்லட்டும். விரும்புவோர்க்குப் பிரெயில் எழுத்திலோ, பேசும் கம்ப்யூட்டர் வாயிலாகவோ அவர் பதிவை அவரே அறியச் செய்யட்டும். சுவரிலே ஒட்டும் ஜாபிதாக்களில் நோயின் விவரம் வேண்டாம்.

என் மாணாக்கனின் தங்கைக்கு வேறு வரன் அமையலாம், அமையட்டும். அன்று கூடத்தில் ஒலித்த வார்த்தையை மட்டும் எவராலும் திரும்ப அழைக்க இயலாது. சுதந்திர பாரதத்தின் பிரஜை தன் சர்க்காரை நம்பி ஒப்படைத்த செய்தி அது. அந்த நம்பிக்கையைக் காப்பதும் தேச சேவையே.