வீட்டு முற்றத்தில் சரக்கொன்றை

சித்திரை பிறக்கும்போது தமிழர் புத்தாண்டையும் கேரள மக்கள் விஷுவையும் கொண்டாடுகின்றனர். விஷுக்கணியில் தவறாது இடம்பெறும் பொன்னிற மலரை மலையாளத்தில் 'கணிக்கொன்ன' என்பர். தமிழில் அதுவே சரக்கொன்றை. கேரளத்தின் மாநில மலரும் இதுவே. சங்கப் பாடல்களில் இடம்பெறும் இம்மலர், சிவபெருமான் சூடும் மலராகவும் போற்றப்படுகிறது. ஔவையாரின் 'கொன்றை வேந்தன்' என்னும் நூற்பெயரிலும் இது உள்ளது.

விஷு நெருங்கும்போது திருவனந்தபுரத்துக் கடைவீதிகளில் கொன்றைப் பூங்கொத்துகள் விற்கப்படுகின்றன. இப்போது நெகிழியால் செய்த பூக்களும் வந்துவிட்டன. முற்றத்தில் ஒரு மரம் இருந்தால் இவற்றை வாங்க வேண்டியதில்லை.

நடுவதற்கு முன் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும். சரக்கொன்றையின் பூக்கள் சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். காய்கள் நீண்ட குழல் போன்றவை. 'மஞ்ஞக்கொன்ன' எனப்படும் வேறொரு மரத்தின் பூங்கொத்துகள் மேல்நோக்கி நிற்கும். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த அம்மரம், வயநாட்டுக் காடுகளில் பெருகி அங்குள்ள இயல்பான தாவரங்களை வளரவிடாமல் தடுக்கிறது. ஆதலால் அதனை வீட்டில் வளர்த்தல் ஆகாது.

சரக்கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே விதைத்தால் முளைக்க நெடுநாள் ஆகும். எனவே விதையின் ஓரத்தை உப்புத்தாளில் சிறிது தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, தொட்டியில் விதைக்க வேண்டும். நன்கு வளர்ந்த கன்றை இடவப்பாதி மழை தொடங்கும்போது நிலத்தில் நடலாம். நாள் முழுதும் வெயில் படும் இடமாகவும், மழைநீர் தேங்காத இடமாகவும் அது இருத்தல் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மரம் 10 மீட்டருக்கு மேலும் வளரக்கூடும். ஆதலால் சுவரிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளி நடுவது நன்று.

கோடையில் மரம் இலைகளை உதிர்க்கும். அதனைக் கண்டு மரம் பட்டுவிட்டது என்று எண்ணி வெட்டிவிடக் கூடாது. இலை உதிர்ந்த கிளைகளில்தான் பூச்சரங்கள் தோன்றும். கிளைகளைக் கழிக்க வேண்டுமானால் பூக்காலம் முடிந்தபின் கழிக்கலாம். கொன்றை இலைகளை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்னும். அவற்றைக் கொல்ல மருந்து தெளிக்க வேண்டா. காயும் விதையும் வயிற்றுக்குக் கேடு செய்யும். அவற்றைச் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

நட்ட மறு ஆண்டே கொன்றை பூப்பதில்லை; சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் கன்று நடும் மாணவர், உயர்நிலை வகுப்பை அடையும்போது தம் வீட்டுப் பூவைக் கணியில் வைக்கலாம்.

பயிற்சி
1. சரக்கொன்றையையும் மஞ்ஞக்கொன்னயையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. விதையைத் தேய்த்து ஊறவைப்பது ஏன்?
3. தமிழிலும் மலையாளத்திலும் ஒத்த பெயருடைய மரங்கள் ஐந்தினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.