கோச் இருக்கட்டுமா, போகட்டுமா?

புதிய பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்ற வாக்குவாதம் கால்பந்து ரசிகர்களிடையே நாலைந்து ஆட்டங்களுக்குள்ளேயே தொடங்கிவிடும். அணி தோற்றால் போதும். தமிழ்நாட்டில் இந்த வாக்குவாதத்துக்கு அதிகம் இடம் கொடுத்த அணி சென்னையின் எஃப்.சி. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோதே உருவான இந்த அணி, 2025 வரை எட்டு முறை தலைமைப் பயிற்சியாளரை நியமித்திருக்கிறது. ஆட்கள் ஏழு பேர்தான். ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் இரண்டு முறை வந்து போனார். இடையில் பொறுப்பைத் தற்காலிகமாகச் சுமந்த சையத் சபீர் பாஷாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு முறை பட்டம், ஒரு முறை கடைசி இடம், அதன்பின் மூன்று பருவம் தொடர்ந்து எட்டாம் இடம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட அணி இது. அதனால், மாற்றலாம் என்பவருக்கும் பொறுக்கலாம் என்பவருக்கும் இதன் வரலாற்றிலேயே சான்று கிடைக்கிறது.

மெரினா அரங்கம் என்று ரசிகர்கள் அழைக்கும் சென்னை நேரு விளையாட்டரங்கில் நின்று பாடும் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' போன்ற ரசிகர் கூட்டங்களுக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. ராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ரயில் பயணம். அதனால் ராமநாதபுரம் கரையில் இருக்கும் ரசிகர் அணியைப் பார்ப்பது தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் அந்தக் காலத்தில், மாலை வெயில் இறங்கியதும் மணலில் பந்து உருளும். ஆட்டம் முடிந்து, மணலை உதறிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அடுத்த ஆட்டம் ஆரம்பம். "காக்கா, இன்னும் அஞ்சு மேட்ச் பாப்போம்" என்று கீழக்கரையில் ஒரு தம்பி சொல்வார். "அஞ்சு மேட்ச்சுல சீசனே முடிஞ்சிரும்டா" என்று பதில் வரும். இரண்டுமே நியாயமான வாதம்தான்.

இந்த நியாயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கரையிலேயே ஓர் ஒப்பு இருக்கிறது. ராமேசுவரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். தொடர்ந்து நாலு நடை பாடு (மீன் வரவு) இல்லாமல் திரும்பினால், படகு ஓட்டுபவரை மாற்றலாமா என்று பேச்சு எழும். அனுபவமுள்ள சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, உடனே முடிவெடுக்க மாட்டார். மடி (வலை) கிழிந்திருந்ததா, எஞ்சின் இழுக்கவில்லையா, நீவாடு (நீரோட்டம்) எப்படி இருந்தது, பக்கத்துப் படகுகளுக்குப் பாடு கிடைத்ததா என்று விசாரிப்பார். எல்லாருக்குமே பாடு இல்லை என்றால் அது கடலின் கணக்கு. மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்து இந்தப் படகு மட்டும் வெறுமையாக வந்தால் அது ஓட்டுநரின் கணக்காக இருக்கலாம். மடியின் கணக்காகவும் இருக்கலாம். கால்பந்தில் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். ஆனால் பெரும்பாலான வாக்குவாதங்கள் புள்ளிப்பட்டியலைப் பார்த்ததோடு நின்றுவிடுகின்றன.

முதலில், பயிற்சியாளரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 'மேனேஜர்' என்ற சொல்லுக்குப் பழைய பொருளில் ஆட்களை வாங்குவது, விற்பது, இளைஞர் அணியைக் கவனிப்பது எல்லாம் சேரும். இந்தியாவில் தலைமைப் பயிற்சியாளருக்கு அவ்வளவு அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. யாரை ஒப்பந்தம் செய்வது, எவ்வளவு செலவழிப்பது என்பதில் கழக நிர்வாகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பயிற்சியாளர் ஆட்டமுறையை வகுக்கிறார், பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறார், இடைவேளையில் திருத்துகிறார், தோற்ற அணியை மறுநாள் மைதானத்துக்குக் கூட்டிவருகிறார். பருவம் தொடங்கிய பிறகு வந்தவர் என்றால் இன்னொருவர் சேர்த்துவைத்த ஆட்களை வைத்துத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பொறுத்ததற்குக் கிடைத்த பலனுக்கு 2015தான் பெரிய சான்று. அப்போதைய பயிற்சியாளர் மார்கோ மட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் தலைமுட்டு வாங்கிய அதே இத்தாலியத் தடுப்பாட்டக்காரர். 2014இல் அவரே ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து, லீக் சுற்றில் அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஆண்டு முதல் பத்து ஆட்டங்களில் வெறும் 10 புள்ளி. அரையிறுதி கைவிட்டுப் போய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அங்கிருந்து கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பிடித்தது அணி. அந்த நேரம் பார்த்துச் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்காவலரின் கையில் பட்டு, சொந்த வலைக்குள்ளேயே பந்து போனது. ஆட்டம் நின்ற நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நிமிடங்களில் கொலம்பிய வீரர் ஸ்டிவன் மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். 3-2. சில நிமிடங்களுக்குள் தோல்வி பட்டமாகிவிட்டது. பத்தாவது ஆட்டத்தோடு மட்டராசியை அனுப்பியிருந்தால் இந்தக் கோப்பை வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அனுப்பாமல் வைத்திருந்தபோது வந்தது என்பது மட்டும் உறுதி. அடுத்த ஆண்டு, 2016இல், அதே மட்டராசியின் கீழ் எட்டு அணிகளில் ஏழாம் இடம். 2017 தொடக்கத்தில் அவர் விடைபெற்றார்.

பொறுத்தது பலிக்காத கதை ஜான் கிரிகரியுடையது. 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்று இரண்டாவது பட்டத்தைத் தந்தவர் இந்த ஆங்கிலேயர். பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் போட்ட இரண்டு கோல்களை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெற்றி இரண்டே இரண்டு, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது. நடுக்கள வீரர் தனபால் கணேஷ் காயத்தால் ஆட முடியாமல் போனார். முந்தைய பருவத்தில் கோல்களைக் குவித்த ஜேஜேவுக்குப் பந்து வலைக்குள் போகவே மறுத்தது. அதே பருவத்தில், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த அணி அது. தமிழ் ரசிகருக்கு இந்த ஒப்பீடு வலித்ததில் வியப்பில்லை.

அப்படியிருந்தும் கழகம் கிரிகரியை விடவில்லை. காரணமும் இருந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்.சி.யை அணி தாண்டியது. சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போய்க் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. இதையெல்லாம் மீட்சியின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2019-20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் கிடைத்தது 5 புள்ளிதான். நவம்பர் இறுதியில் கிரிகரி பொறுப்பை விட்டார்.

டிசம்பரில் வந்தார் ஓவன் கோய்ல். ஆட்கள் அதே ஆட்கள். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளி சேர்த்து, நான்காம் இடத்தைப் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டக் கூட்டுத்தொகையில் 6-5 என்று வென்று, இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொரோனாவால் பார்வையாளர் இல்லாத அரங்கில், 2020 மார்ச் 14 அன்று, ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றார்கள். "மாற்றினால்தான் உருப்படும்" என்பவர்கள் காட்டும் முதல் சான்று இதுதான். வலுவான சான்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் அணி மிக மோசமாக ஆடும் நேரத்தில்தான். அதற்குமேல் மோசமாக இடம் அதிகமில்லை. இயல்பாகவே அடுத்த சில ஆட்டங்கள் கொஞ்சம் மேலாக அமையும். அந்தப் பெயர் புதியவருக்குப் போய்ச் சேரும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதைச் சோதித்துப் பார்த்தார். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு சறுக்கியும் நீக்காமல் வைத்திருந்த அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. இது சராசரியைப் பற்றிய முடிவு. எல்லாப் பயிற்சியாளரும் ஒன்று என்று இது சொல்லவில்லை. மாற்றியதாலேயே மீட்சி வந்தது என்று நம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பொறுமைக்கு எல்லா நாட்டு ரசிகர்களும் காட்டும் பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர், முதல் கோப்பையை 1990இல்தான் தொட்டார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவரைப் போகச் சொல்லி அரங்கிலேயே பதாகை ஏறியது. அவருக்குப் பின் 2013இல் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த டேவிட் மோயஸைப் பத்தே மாதத்தில் அனுப்பினார்கள். ஃபெர்குசனை மட்டும் சொல்லிப் பொறுமையைப் புகழ்வது, காய்த்த மரத்தை மட்டும் எண்ணுவதற்குச் சமம். காத்திருந்தும் காய்க்காத மரங்கள் நிறைய உண்டு. அவற்றின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

புள்ளிப்பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு கோய்லின் இரண்டாவது வருகையே பாடம். 2023இல் திரும்பி வந்த அவர், 2023-24 பருவத்தில் 22 ஆட்டங்களில் 27 புள்ளி எடுத்தார். பன்னிரண்டு அணிகளில் ஆறாம் இடம். பிளே-ஆஃப் கிடைத்தது, சில ஆண்டுகள் வறண்டு கிடந்த ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2024-25இல் 24 ஆட்டங்களில் மறுபடியும் அதே 27 புள்ளி. இம்முறை பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். பருவம் முடிந்த பின், 2025இல், அவர் விலகினார். இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியும் அதே புள்ளி என்பதால் சற்றுத் தேய்வு இருந்தது உண்மை. ஆனால் ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையே தெரியும் பள்ளம் சென்னையின் ஆட்டத்தில் விழுந்த பள்ளம் அல்ல. முந்தைய பருவத்தில் சென்னைக்குக் கீழே இருந்த மற்ற அணிகள் மேலே ஏறிவிட்டன. முதல் ஆண்டின் கொண்டாட்டம் கொஞ்சம் மிகை. இரண்டாம் ஆண்டின் கோபமும் மிகை.

அப்படியானால் ரசிகர் எதைப் பார்ப்பது? உருவாகும் கோல் வாய்ப்புகளைப் பார்ப்பது நல்ல தொடக்கம். இப்போது தொலைக்காட்சியில் 'எக்ஸ்ஜி' என்று ஓர் எண் காட்டுகிறார்கள். ஓர் இடத்திலிருந்து, ஒரு கோணத்தில் அடிக்கப்படும் பந்து கோலாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களை வைத்துக் கணக்கிடுவதுதான் அது. பெனால்டி என்றால் நாலில் மூன்று கோலாகும். அரைக்கோட்டுக்கு அருகிலிருந்து அடித்தால் நூறில் ஒன்றுகூடத் தேறாது. நல்ல வாய்ப்புகளை ஆட்டத்துக்கு ஆட்டம் உருவாக்கியும் தோற்கும் அணிக்குக் காலம் கொடுக்கலாம். வாய்ப்பே உருவாக்காமல் தப்பித்துக்கொண்டிருக்கும் அணியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2020-21இல் சாபா லாஸ்லோ பயிற்றுவித்த சென்னையின் அணி 20 ஆட்டங்களில் 11 சமன் செய்தது. வென்றது மூன்றே மூன்று. போட்ட கோல் 17. எளிதில் தோற்காத அணிதான், ஆனால் எதிரணியைத் திறக்கும் வழி அதற்குத் தெரியவில்லை. அவர் ஒரு பருவத்தோடு போனது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு.

தென் மாவட்ட ரசிகருக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. அதில் தவறும் இல்லை. பயிற்சியாளர் நம் ஊர்ப் பையன்களை ஆட விடுகிறாரா என்பதே அது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்த காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன், 2022-23 பருவத்தில் லீக்கின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். ஆனால் பெங்களூரு சட்டையில். இந்தக் கரையில் ஒவ்வொரு முறை பயிற்சியாளரைப் பற்றிப் பேச்சு வரும்போதும் அந்த ஆதங்கம் கூடவே வரும். இளைஞரை வளர்ப்பதற்குப் பருவங்கள் வேண்டும். ஆண்டுக்கு ஒருவர் வந்து போனால், வருகிறவர் தன் வேலையைக் காத்துக்கொள்ளத் தெரிந்த முகங்களையே ஆட வைப்பார்.

2025 அக்டோபரில் பொறுப்பேற்ற கிளிஃபர்ட் மிராண்டாதான் சென்னையின் அணியின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர். கோவாக்காரர், முன்னாள் இந்திய நடுக்கள வீரர். 2023இல் ஒடிசா அணிக்குத் தற்காலிகப் பொறுப்பில் இருந்தபோதே சூப்பர் கோப்பையை வென்று காட்டியவர். அவர் வந்த நேரமோ, லீக் நடக்குமா என்றே தெரியாத நேரம். வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் லீக் தள்ளிப்போய், கழகம் முதன்மை அணியின் பணிகளையே சில காலம் நிறுத்தி வைத்திருந்தது. அரைகுறைத் தயாரிப்போடு சூப்பர் கோப்பைக்குப் போன அணி, மோகன் பகானிடம் 0-2 என்றும் ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்றும் தோற்றது. வழக்கமாக செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையே தொடங்கும் லீக், 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அந்த இரண்டு தோல்விகளை வைத்து அவரைப் பற்றி முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். மடியும் எஞ்சினும் சரியாகும் முன்னரே படகு கடலுக்கு இறக்கப்பட்டிருந்தது.