வீட்டுக் கூடத்திலேயே கண் பரிசோதனை!

"டேய், டி.வி.க்குள்ளேயே போயிடுவே போலிருக்கே... தள்ளி உட்கார்!"

எத்தனையோ வீடுகளில் தினமும் ஒலிக்கும் வசனம் இது. பையனும் ஓரடி பின்னால் நகர்வான். ஐந்தே நிமிஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவான். 'சொன்ன பேச்சு கேட்கிறதில்லை' என்று அலுத்துக்கொள்கிறோம். நிஜத்தில், அவனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாமலே இருக்கலாம்! 'எனக்குச் சரியாத் தெரியலைம்மா' என்று குழந்தை தானாக வந்து சொல்வது அபூர்வம். உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது பல வீடுகளில் டேப்லெட் இருக்கிறது (மாத்திரையைச் சொல்லவில்லை, தொடுதிரைக் கம்ப்யூட்டரைச் சொல்கிறேன்!). அதில் பார்வையைச் சோதிக்கும் 'ஆப்'களும் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனமே 2024-ல் 'ஹூ-ஐஸ்' என்ற இலவச ஆப்பை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது அது.

"இதையெல்லாம் நம்பலாமா?" என்று கேட்கிறீர்களா? 'பீக் அக்யூட்டி' என்ற செல்போன் ஆப்பை கென்யா நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவமனை அட்டையில் வந்த அளவும் ஆப்பில் வந்த அளவும் பெருமளவு ஒத்துப்போயின என்று 2015-ல் முடிவுகள் வெளியாயின. ஆக, நம்பலாம். ஆனால், முறையாகச் செய்தால் மட்டும்!

ஆறுக்கு ஆறு என்றால் என்ன?

டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை 1862-ல் உருவாக்கியவர் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். 6 மீட்டர் தூரத்தில் நல்ல கண்ணுக்குத் தெரிய வேண்டிய எழுத்து, ஏறக்குறைய 8.8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதைப் படித்துவிட்டால் உங்கள் பார்வை 6/6. நல்ல கண் 12 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை, நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால் 6/12. அவ்வளவுதான் கணக்கு!

வீட்டில் 6 மீட்டர் இடத்துக்கு எங்கே போவது? கவலை வேண்டாம். 3 மீட்டரில் நின்றால் எழுத்து பாதியாக, 4.4 மில்லிமீட்டராக இருந்தால் போதும். ஆப் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும். ஆனால், நீங்கள் நிற்கும் தூரமும் திரையில் வரும் எழுத்தின் அளவும் சரியாக இருக்க வேண்டும். 3 மீட்டருக்குப் பதில் 2 மீட்டரில் பிள்ளையை நிறுத்திவிட்டால், 6/9 பார்வை உள்ளவனும் 6/6 வாங்கிவிடுவான். ஒரு மீட்டர் தப்பு, ஒரு கண்ணாடியையே மறைத்துவிடும்!

எப்படிச் செய்வது?

* ஆப் கேட்கும் தூரத்தை டேப்பால் அளந்து, தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். குத்துமதிப்பாக வேண்டாம். கையில் பிடித்து அரையடியில் பார்க்கிற ஆப்பால் தூரப்பார்வையை அறிய முடியாது.

* சில ஆப்கள் திரை அளவைச் சரிபார்க்க ஏ.டி.எம். கார்டை வைக்கச் சொல்லும். சோம்பல்படாமல் வையுங்கள். எல்லா கார்டுகளும் ஒரே நீளம்தான்: 8.56 செ.மீ.

* திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஜன்னலோ ட்யூப்லைட்டோ திரையில் பிரதிபலிக்கக் கூடாது. டேப்லெட் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

* ஏற்கெனவே தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

* எழுத்து தெரியாத குழந்தையா? ஆங்கில 'ஈ' எழுத்து வரும் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பல் சீப்பு மாதிரி இருக்கும் அது. பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அந்தப் பக்கம் கை காட்டினால் போதும். முதலில் விளையாட்டாகப் பழக்கிவிட்டு, பிறகு சோதியுங்கள். திசை ஒவ்வொரு தடவையும் மாறுவதால், காகித அட்டையைப் போல மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது!

* மிக முக்கியம்: ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். மற்ற கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பார்கள். கண்ணை அழுத்தவும் கூடாது.

ஒற்றைக் கண் ரகசியம்

ஏன் இந்தக் கடைசி விதியை இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும் குழந்தை, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஓடும், ஆடும், படிக்கும். யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால், மூளை அந்த மங்கல் கண்ணின் படத்தை ஒதுக்கத் தொடங்கிவிடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைத்து, சோம்பேறியை வேலை செய்ய வைத்துவிடலாம். ஏழெட்டு வயது தாண்டத் தாண்ட இது கஷ்டமாகிக்கொண்டே போகும். வீட்டுப் பரிசோதனையின் பெரிய லாபம், இதற்கான சந்தேகத்தை முன்கூட்டியே கிளப்பிவிடுவதுதான்.

எப்போது டாக்டரிடம்?

எந்தக் கண்ணிலாவது 6/12-ஐவிட மோசமாக வந்தால், அல்லது இரண்டு கண்களுக்கும் இடையே இரண்டு வரி வித்தியாசம் இருந்தால், மறுநாள் இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் கண் டாக்டரிடம் கிளம்புங்கள்.

மாறுகண், அடிக்கடி தலைவலி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இருந்தால் எந்த ஆப்பும் வேண்டாம், நேரே டாக்டர்தான். திடீரென்று பார்வை மறைந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தாற்போல இருந்தாலோ, குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

6/6 வந்துவிட்டால் போதுமா?

போதாதுங்க! 'க்ளாக்கோமா' என்கிற கண் அழுத்த நோய், பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை 6/6 ஆகவே இருக்கலாம். சர்க்கரை நோயில் விழித்திரை கெடத் தொடங்கும்போதும் எழுத்தெல்லாம் 'பளிச்'சென்று தெரியும். அதனால் சர்க்கரைக்காரர்கள் வருஷம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டியே ஆக வேண்டும். நாற்பது தாண்டியவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று... ஆப் சொல்வது பார்வையின் அளவு. கண்ணாடியின் 'பவர்' அது அல்ல. குழந்தைக்கு டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண் தசையைத் தளரவைத்து அளந்தால்தான் சரியான பவர் கிடைக்கும். ஆகவே ஆப்பை நம்பிக் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள்!

காய்ச்சலா என்று தெர்மாமீட்டர் சொல்லும். ஏன் காய்ச்சல் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். டேப்லெட்டும் அப்படித்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். டேப்பை எடுங்கள், கோடு போடுங்கள். தாத்தாவிலிருந்து பேத்தி வரை வரிசையாக நிற்கட்டும். டி.வி.க்குப் பக்கத்தில் உட்காரும் அந்தப் பையனை மட்டும் முதலில் கூப்பிடுங்கள்!