கூட்டம் சாட்சி சொல்லுமா?

பௌர்ணமி தினத்தன்று மாலை வேளையில் வேங்கிக்காலில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். திருவண்ணாமலை நகருக்கு வடக்கே, வேலூர்ச் சாலையில் உள்ள ஊர் இது. ஜில்லா ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. ஏரியும் வயலுமாக ஒரு காலத்தில் அமைதியாயிருந்த இவ்வூர், இப்பொழுது நகரத்தோடு ஒட்டிக்கொண்டு விட்டது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜனங்களைச் சுமந்துகொண்டு வருகின்றன. தோளில் துணிப்பை, இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ப் புட்டி. எதிரே அருணாசலம் நீல நிறமாக நிமிர்ந்து நிற்கிறது. அத்தனை பேருடைய கண்களும் அந்த மலைமீதே இருக்கின்றன.

சென்ற பௌர்ணமியன்று, சாலையோரத்து டீக்கடைப் பெஞ்சியில் நாமும் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர். பயிர்த்தொழில் செய்து காய்ப்பேறிய கைகள். அவருக்குத் துணையாகக் கல்லூரியில் படிக்கும் பேரன் வந்திருந்தான். இருவருக்கும் இடையே வாதம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"மலைதான் சிவன்னு சொல்றியே தாத்தா, அதுக்கு என்ன ருசு?" என்றான் பையன்.

பெரியவர் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். சாலையைக் கையால் சுட்டிக் காட்டினார்.

"இதோ போகுதே, இதுதான்டா ருசு. இத்தினி சனமும் பைத்தியமா? பொய்யாயிருந்தா இவ்வளவு பேர் வருவாங்களா?"

பையனுக்குப் பதில் தோன்றவில்லை. நமக்கும் அந்தச் சமயத்தில் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வி நம்மோடேயே வந்துவிட்டது.

பெரியவருடைய வாதத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம். உலகத்துப் பேரறிஞர்கள் பலர் இதே வாதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கி.மு. 45-ஆம் ஆண்டில் ரோமாபுரி அறிஞர் ஸிஸரோ தெய்வங்களின் இயல்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் ஒருவர், எல்லா ஜாதி ஜனங்களும் தெய்வம் உண்டென்று நம்புவதால் தெய்வம் இருந்தே தீரவேண்டும் என்கிறார். அதே நூலில் வரும் இன்னொருவர் இதை விடவில்லை. எல்லா ஜனங்களுடைய எண்ணமும் உமக்கு எப்படித் தெரிந்தது என்று மடக்குகிறார். இவ்வளவு பெரிய விஷயத்தை, ஆராய்ந்து பாராத கூட்டத்தின் அபிப்பிராயத்தைக் கொண்டா தீர்ப்பது என்றும் கேட்கிறார். வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கேட்பவர் நாஸ்திகர் அல்ல. ரோமாபுரிக் கோயில்களின் பூசைக்குப் பொறுப்பான குருமார்களில் ஒருவர்!

ரோமாபுரிக்குப் போவானேன்? நம் தமிழ் நூல்களே இதை அலசிப் பார்த்திருக்கின்றன. மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் பல சமய வாதிகளையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் அளவைவாதி என்பவன், உண்மையை அறியும் பத்துப் பிரமாணங்களை அடுக்குகிறான். அவற்றுள் ஒன்றுக்கு ஐதிகம் என்று பெயர். அதற்கு அவன் காட்டும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதைக் கொண்டு நம்பிவிடுவது! பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றியபோது, இந்தப் பத்தையும் சொல்லிவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றிலேயே எல்லாம் அடங்கும் என்று தீர்த்தார். ஆகவே சைவ சித்தாந்தத்திலும் ஐதிகத்துக்குத் தனி ஆசனம் இல்லை.

ஐதிகம் என்பதற்கு நியாய சாஸ்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் ஓர் இலக்கணம் கூறியிருக்கிறார். முதலில் சொன்னவர் இன்னாரென்று குறிக்கப்படாமல், வழிவழியாக வரும் பேச்சே ஐதிகம் என்பது அதன் கருத்து. இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரியவருடைய வாதத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. ஒரு செய்தியை லட்சம் பேர் சொன்னால் லட்சம் சாட்சிகள் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் அந்த லட்சம் பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டவர்களாயிருந்தால்? கேட்டவர்கள்தாம் லட்சம், கண்டவர் எத்தனை பேர்? சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஒருவரே, மற்றவர்கள் கோர்ட்டு வாசலில் நின்று கேட்டவர்கள் என்றால், எந்த நியாயாதிபதியும் வாசலில் நின்றவர்களை எண்ணித் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

இதற்காகக் கூட்டத்தின் சொல்லுக்கு மதிப்பே கிடையாது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1906-இல் இங்கிலாந்திலுள்ள பிளிமத் நகரத்துச் சந்தையில் ஒரு போட்டி நடந்தது. ஒரு காளை மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் இறைச்சி என்ன நிறை இருக்கும் என்று பார்த்தவர்கள் ஊகிக்க வேண்டும். பிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற விஞ்ஞானி, வந்த சீட்டுக்களில் சரியாயிருந்த 787-ஐ வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற ஊகம் 1207 ராத்தல். உண்மை நிறை 1198 ராத்தல். கூட்டம் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிட்டது! ஆனால் ஏன் சரியாகச் சொல்லிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் மாட்டைத் தம் கண்ணால் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பிறர் என்ன எழுதினார் என்று பாராமல் தம் சீட்டை எழுதினார்கள். கடைசியில் தராசு ஒன்று இருந்தது. இந்த மூன்றும் இருந்தால் கூட்டம் நல்ல சாட்சி. மூன்றும் இல்லையென்றால் அது எதிரொலி.

எதிரொலிக்கும் உதாரணம் வேண்டுமா? 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி டில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி கிளம்பிற்று. ஒரே நாளில் பாரத தேசம் முழுவதும் பரவியது. கடல் கடந்து லண்டன் மாநகரத்துக் கோயில்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கானவர்கள் நம்பினார்கள். படித்தவர், படியாதவர் என்ற பேதமில்லாமல் பால் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். விஞ்ஞானிகள் சிலர் பாலில் வர்ணத்தைக் கலந்து கரண்டியில் நீட்டினார்கள். கரண்டியைவிட்டுப் போன பால் சிலையின் மேனிவழியே மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது வர்ணத்தால் வெளிப்பட்டது. திரவத்தின் பரப்பு இழுவிசை செய்த வேலை அது. ஓரிரு நாளில் ஆரவாரம் அடங்கிவிட்டது. கோடிப் பேர் ஒரு பக்கம், ஒரு துளி வர்ணம் மறுபக்கம், வென்றது வர்ணம்.

திருவண்ணாமலையின் சரித்திரமே கூட்டத்தின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகிறது. 1896 செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் மதுரையிலிருந்து இவ்வூர் வந்து சேர்ந்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் மோனத்தில் அமர்ந்தான். பிறகு பாதாள லிங்கத்தின் குகைக்குள் சென்று உட்கார்ந்தான். ஊர்ச் சிறுவர்கள் அவன்மேல் கல் எறிந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகளைப் போன்ற ஒரு சிலரே அவனை இன்னானென்று கண்டு பாதுகாத்தார்கள். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கியவர். 1950 ஏப்ரல் 14-இல் அவர் உடல் நீங்கியபோது உலகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. கூட்டமே பிரமாணம் என்றால், 1896-இல் அவரிடம் மெய்ஞ்ஞானம் இல்லை, பிறகுதான் வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். பக்தர்கள் ஒப்புவார்களா?

கிரிவலமும் அப்படியே. மலையைச் சுற்றும் வழி சுமார் 14 கிலோமீட்டர். சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டிலேயே இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் தம்முடைய இளம் பிராயத்தில் பௌர்ணமி இரவிலும் அந்தப் பாதையில் தனியாக நடக்க அச்சமாயிருக்கும் என்று அந்தப் பெரியவரே நம்மிடம் சொன்னார். லட்சக்கணக்கில் ஜனங்கள் வரத் தொடங்கியது சென்ற நாற்பது ஆண்டுகளுக்குள்தான். சினிமாவும், தொலைக்காட்சியும், நம்மைப் போன்ற பத்திரிகைகளும் அதற்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. அதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன் மலையின் மகிமை குறைவாயிருந்தது என்பாருண்டோ?

தொகைதான் சாட்சி என்று பிடிவாதம் செய்தால் அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்றும் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 230 கோடி, முஸ்லிம்கள் சுமார் 200 கோடி, ஹிந்துக்கள் சுமார் 120 கோடி. தலையெண்ணிக்கையைத் தராசாக ஒப்புக்கொண்ட பெரியவர் அப்பொழுது எந்தப் பக்கம் போவார்? இதே ஜில்லாவில் போளூருக்கு அருகே திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. சோழ இளவரசி குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் அங்கே உண்டு. தமிழ் நாட்டில் ஒரு காலத்தில் பெருவாழ்வு வாழ்ந்த சமயம் அது. இன்று அதைச் சார்ந்தவர்கள் மிகச் சிலர். ஆட்கள் குறைந்ததனால் அஹிம்சை பொய்யாகிவிட்டதா? காந்தியடிகள் அந்த அஹிம்சையைக் கொண்டல்லவா ஒரு தேசத்தையே எழுப்பினார்!

இதையே திருப்பியும் சொல்லலாம். ஜனங்கள் திரளாக நம்புகிறார்கள் என்பதனாலேயே ஒரு விஷயம் மூடநம்பிக்கை ஆகிவிடாது. நாளைக்கே நாஸ்திகம் பெருகி, கோயில்கள் காலியானாலும், கடவுள் இல்லை என்பதற்கு அது ருசுவாகாது. காலி மண்டபமும் சாட்சி சொல்லாது. நிறைந்த மண்டபமும் சாட்சி சொல்லாது.

இதெல்லாம் வெறும் பண்டித வாதம் என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. 2024 டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில் இந்த மலையின் ஒரு பகுதி சரிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீடு பாறைக்கும் சேற்றுக்கும் இரையாயிற்று. குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள் கார்த்திகைத் தீபம். மலைமேல் ஏறித் தீபம் காணப் பக்தர்கள் ஆவலோடு இருந்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? எத்தனை பேர் மலையை நம்புகிறார்கள் என்று எண்ணவில்லை. மண்ணையும் பாறையையும் அறிந்த வல்லுநர்களை அனுப்பிச் சோதிக்கச் செய்தது. பிறகு, அவ்வாண்டு பக்தர்கள் மலையேறக் கூடாதென்று தடுத்துவிட்டது. டிசம்பர் 13-ஆம் தேதி தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. ஜனங்கள் கீழே நின்று தரிசித்தார்கள். ஈரமண் தாங்குமா தாங்காதா என்ற கேள்விக்குப் பக்தியின் அளவு விடையாகாது. அதைப் புரிந்துகொண்டதனால் இன்னும் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்காமற் போயிற்றோ!

சுதந்திர பாரதத்தில் யார் ஆளவேண்டும் என்பதை வாக்குகளை எண்ணித் தீர்க்கிறோம். அது நியாயம், ஆளப்படுகிறவர்களுடைய சம்மதமே அங்கே வேண்டியது. ஆனால் எது உண்மை என்பதை வாக்கெடுத்துத் தீர்க்க முடியாது. நமது அரசியல் சட்டம் இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்திருக்கிறது. 25-ஆவது ஷரத்து மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கோடிப் பேருக்கு எவ்வளவு கொடுக்கிறதோ, தனியாக நிற்கும் ஒருவனுக்கும் அவ்வளவே கொடுக்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட கடமைகளில், விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமை என்று எழுதப்பட்டிருக்கிறது. கூட்டத்தைக் காட்டி ஒருவன் வாயை அடைக்கும் பழக்கம் வளர்ந்தால், இன்று கோயில் வாசலில் ஆரம்பிப்பது நாளை ஊர்ப் பஞ்சாயத்திலும், நாடாளுமன்றத்திலும் வந்து நிற்கும்.

அப்படியானால் அந்த லட்சம் பேர் எதற்குமே சாட்சியில்லையா? உண்டு. மனித இருதயத்துக்கு ஓர் ஆறுதல் தேவை என்பதற்கு அவர்கள் சாட்சி. பணக்காரரும் ஏழையும் ஒரே பாதையில் நடக்க முடியும் என்பதற்குச் சாட்சி. ஆனால் மலை எது, மலைக்கு உள்ளே இருப்பது யார் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தாமே விடை தேடவேண்டும்.

நாம் இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தாத்தா, சனத்தை விடு. நீ எதுக்கு நடக்கிறே? அதைச் சொல்லு" என்றான் பேரன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க ஆயா போனதிலேருந்து ராத்திரியிலே தூக்கம் வரதில்லேடா. இந்த மலையைச் சுத்திட்டு வந்தா அன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கறேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாத்தா! இதுக்கு மேலே எனக்கு ருசு எதுக்கு?" என்றான் பையன். அவர் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டான்.

வேங்கிக்கால் ஏரிக்கு மேலே சந்திரன் எழும்பிக்கொண்டிருந்தது. தாத்தாவும் பேரனும் ஜனத்திரளில் கலந்து மறைந்தார்கள். அன்று அந்தச் சாலையில் நாம் கேட்ட சாட்சியங்களுள் நேரில் கண்டவர் சொன்னது அந்த ஒன்றுதான். அதற்கு லட்சம் பேருடைய துணை தேவைப்படவில்லை.