வலையும் பரம்பரையலகும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தோம். சிறுபான்மைகளின் எதிர்காலம் பற்றிய வழமையான விவாதம். ஒரு நண்பர் சொன்னார்: "ஓர் அளவுக்குக் கீழே எண்ணிக்கை குறைந்த இனம் தானாகவே அழிந்துபோகும். நோயை எதிர்க்கும் பரம்பரையலகுகள் அதனிடம் மிஞ்சாது. இது உயிரியல் விதி. இதற்கு யாரையும் குற்றஞ்சொல்ல ஏலாது." மெக்சிக்கோக் கடலில் அழிந்துகொண்டிருக்கும் வக்கீட்டா என்ற விலங்கை அவர் உதாரணம் காட்டினார்.

மனித சமூகங்களை விலங்குகளை வைத்து விளக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊரில் பல வருடங்கள் விலங்கியல் படிப்பித்தவன் என்ற முறையில் என்னை உறுத்தியது வேறொன்று: அந்த உதாரணமே பிழையானது. அன்றிரவு பதில் சொல்ல நேரம் போதவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பரம்பரையலகுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நான் இப்போது வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைக்கப்படும். பரிசோதகர் தொகுதி முழுவதையும் பார்ப்பதில்லை. தட்டிலுள்ள துண்டைத்தான் பார்ப்பார். முள்ளந்தண்டு விலங்குகளின் கலங்களும் ஏறத்தாழ இதையே செய்கின்றன. கலத்தினுள்ளே புரதங்கள் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டு, தட்டுப் போன்ற இன்னொரு புரதத்தில் ஏந்தப்பட்டு, கலத்தின் வெளிப்பரப்பில் வைக்கப்படுகின்றன. ரீ கலங்கள் எனப்படும் வெண்குழியங்கள் பரிசோதகர்கள். தட்டில் இருப்பது வைரசின் துண்டு என்று கண்டால் நிர்ப்பீடனத் தாக்குதல் தொடங்கும். வைரசுத் துண்டு தனியாகக் கிடந்தால் ரீ கலம் அதை அறியாது. உடலின் சொந்தத் தட்டில் இருந்தால்தான் அறியும். இதைச் சுண்டெலிகளில் 1970களின் முற்பகுதியில் கண்டுபிடித்த பீட்டர் டொஹேர்ட்டியும் றொல்ஃப் சிங்கர்நாகலும் 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தத் தட்டுகளை உருவாக்கும் பரம்பரையலகுத் தொகுதி எம்.எச்.சி. எனப்படும். தட்டின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. எல்லாத் துண்டுகளும் அதில் பொருந்தமாட்டா. பள்ளத்தின் வடிவம் எதிருருவுக்கு எதிருரு மாறும். ஒரு வைரசின் எந்தத் துண்டும் ஒரு விலங்கின் எந்தத் தட்டிலும் சரியாக அமராவிட்டால், பரிசோதகர் வெறுந்தட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வேறுவேறு எதிருருக்களைப் பெற்ற விலங்கு கூடுதலான துண்டுகளைக் காட்டவல்லது. இன்னொரு காரணமும் உண்டு. கிருமிகளும் கூர்ப்படைகின்றன. பெரும்பாலானோரிடம் உள்ள தட்டுக்குத் தப்பும் கிருமியே பெருகும். அப்போது அரிதான தட்டை வைத்திருப்பவருக்கு நன்மை. இதனாலேயே இந்தத் தொகுதியில் வேறுபாட்டை இயற்கைத் தேர்வு பேணி வந்திருக்கிறது. மனிதரில் மட்டும் பல்லாயிரக்கணக்கான எதிருருக்கள் பெயரிடப்பட்டுள்ளன.

குடித்தொகை திடீரென்று சுருங்கினால் இந்தச் சேமிப்பு என்னவாகும்? வட யானைச்சீலின் கதை இதற்கு நல்ல சான்று. எண்ணெய்க்காக 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடப்பட்ட இந்த இனம் முற்றாக அழிந்துவிட்டது என்று கருதப்பட்டது. 1892இல் மெக்சிக்கோவின் குவாடலூப்பே தீவுக்குப் போன ஆய்வாளர் குழு ஒன்று ஒன்பது சீல்களைக் கண்டது. கண்டதும் செய்த காரியம், ஏழைக் கொன்று நூதனசாலைக்கு எடுத்தது. இனி எப்படியும் அழியப்போகிறது, மாதிரியாவது மிஞ்சட்டும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் வேறெங்கோ சில தப்பியிருந்தன. 1922இல் மெக்சிக்கோ பாதுகாப்பு அளித்தது. இன்று இவற்றின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியதாகக் கணிக்கப்படுகிறது.

எண்ணிக்கை மீண்டது, வேறுபாடு மீளவில்லை. 1974இல் பொனெல், செலாண்டர் என்ற இருவர் 159 குட்டிகளின் இரத்தப் புரதங்களில், 24 பரம்பரையலகு இடங்களைச் சோதித்தார்கள். ஒன்றில்கூட வேறுபாடு இல்லை. பின்னர் பார்க்கப்பட்ட எம்.எச்.சி. தொகுதியிலும் எதிருருக்கள் மிகக் குறைவே. தொலைந்த எதிருருக்கள் எண்ணிக்கை கூடுவதால் திரும்பி வருவதில்லை. புதிய விகாரங்கள் தோன்றி அந்த இடத்தை நிரப்ப ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வேண்டும். இந்த அளவில் நண்பர் சொன்னது சரி: ஆபத்து கற்பனையல்ல.

நீர்வாழ் முலையூட்டிகள் பற்றி ஒரு காலத்தில் இன்னொரு வாதமும் இருந்தது. 1989இல் இரு திமிங்கில இனங்களிலும் 1992இல் தென் யானைச்சீலிலும் எம்.எச்.சி. வேறுபாடு குறைவு என அறிக்கைகள் வந்தன. கடலில் தொற்றுக் குறைவு, ஆகவே அங்கு பல தட்டுகள் தேவைப்படவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. பிற்பாடு வேறு திமிங்கிலங்களில் கூடுதலான வேறுபாடு காணப்பட்டது. கடலும் அந்த விளக்கத்துக்கு ஒத்துழைக்கவில்லை. 1988இல் டென்மார்க்கின் அன்ஹோல்ட் தீவில் தொடங்கிய ஒரு கொள்ளைநோய் வடகடலெங்கும் துறைமுகச் சீல்களை 20 ஆயிரம் அளவில் கொன்றது. சின்னமுத்து வைரசின் உறவான ஒரு வைரசே காரணம். 2002இல் அதே தீவில் மறுபடி தொடங்கி 30 ஆயிரம் வரை கொன்றது. 2023இல் ஆர்ஜென்டினாவின் வால்டேஸ் குடாநாட்டில் பறவைக்காய்ச்சல் வைரசினால் தென் யானைச்சீல் குட்டிகள் 17 ஆயிரத்துக்கு மேல் இறந்தன.

இப்போது நண்பரின் உதாரணத்துக்கு வருகிறேன். வக்கீட்டா, கலிபோர்னியா வளைகுடாவின் வடக்கு மூலையில் மட்டும் வாழும், ஒன்றரை மீற்றர் நீளமேயான ஒரு சிறு கடற்பன்றி. 1997இல் சுமார் 570 இருந்ததாகக் கணிக்கப்பட்டது. அண்மைய கணக்கெடுப்புகளில் பத்து அளவில்தான் காணப்படுகின்றன. 2007இல் வெளியான ஆய்வொன்று இவற்றின் எம்.எச்.சி. தொகுதியில் இரண்டு இடங்களைப் பார்த்தது. ஒன்றில் எல்லா விலங்குகளிடமும் ஒரே எதிருரு. மற்றதில் இரண்டே இரண்டு. இதைப் படிப்பவர் "முடிந்தது கதை" என்று புத்தகத்தை மூடிவிடலாம். பலர் மூடியும் விட்டார்கள்.

ஆனால் 2022இல் "சயன்ஸ்" இதழில் வந்த ஆய்வு, பழைய மாதிரிகள் உட்பட 20 வக்கீட்டாக்களின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் வாசித்தது. வேறுபாடு குறைவுதான். ஆனால் அது நேற்று நேர்ந்ததல்ல. இந்த இனம் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகவே சில ஆயிரம் என்ற அளவிலேயே வாழ்ந்து வந்திருக்கிறது. சிறிய குடித்தொகையில் நெருங்கிய உறவினர் இணையும்போது ஒளிந்திருக்கும் தீய விகாரங்கள் வெளிப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோகும். வக்கீட்டாவிடம் அத்தகைய விகாரங்கள் ஒப்பீட்டளவில் குறைவு. ஆய்வாளர்கள் கணினியில் எதிர்காலத்தை ஓட்டிப் பார்த்தார்கள். வலையில் சிக்கி இறப்பது முற்றாக நின்றால், நூற்றுக்கு ஆறு ஓட்டங்களில்தான் இனம் அழிகிறது. அந்த இறப்பு 80 வீதம் குறைந்து 20 வீதம் தொடர்ந்தாலே, அழியும் ஓட்டங்கள் நூற்றுக்கு 62 ஆகின்றன.

ஆக, வக்கீட்டாவைக் கொல்வது அதன் பரம்பரையலகு அல்ல, வலை. அதுவும் அதற்கென்று விரித்த வலையல்ல. டொட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பை சீனச் சந்தையில் பெருவிலைக்குப் போகிறது. அதற்கு விரிக்கும் செவுள்வலையில் வக்கீட்டா மாட்டி மூச்சடைத்து இறக்கிறது. அப்பகுதியில் செவுள்வலை தடைசெய்யப்பட்ட பின்னும் திருட்டு வலைகள் தொடர்ந்தன. "இது பரம்பரையிலேயே பலவீனமான இனம்" என்ற வாதம் வலைக்காரருக்கும், அவரைத் தடுக்காத அதிகாரிக்கும், மீனவருக்கு மாற்றுத் தொழில் கொடுக்காத அரசுக்கும் வசதியானது. 1892இல் அந்த ஏழு சீல்களைக் கொன்றவர்களின் நியாயமும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

எதிர்த்திசையில் போகும் பிழையும் உண்டு. 1991இல் ஒஸ்டின் ஹியூஸ் என்ற கூர்ப்பியலாளர், அடைத்து வளர்க்கும் அருகிய விலங்குகளை எம்.எச்.சி. வேறுபாட்டைப் பேணும் விதமாகவே இணைசேர்க்க வேண்டும் என்று எழுதினார். உடனே மறுப்புகள் வந்தன. ஒரு பரம்பரையலகுத் தொகுதியை மட்டும் வைத்துத் தெரிந்தெடுத்தால், மற்ற ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளில் மிஞ்சியுள்ள வேறுபாடு கவனிப்பாரின்றிப் போய்விடும். அடுத்த நோய் எது என்று யாருக்கும் தெரியாதபோது, எந்தத் தட்டு பயன்படும் என்று இன்றைக்கே எப்படித் தீர்மானிப்பது? மறுத்தவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. எல்லா அழிவும் கிருமியால் வருவதுமல்ல. 1997இல் மேற்கு ஆபிரிக்காவின் கபோ பிளாங்கோக் கரையில் மத்தியதரைத் துறவிச் சீல்களில் மூன்றில் இரண்டு பங்கு இறந்தன. வைரசா, அல்காக்களின் நஞ்சா என்ற சர்ச்சை இன்னும் உண்டு. நஞ்சானால் எத்தனை வகைத் தட்டு இருந்தும் பயனில்லை.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஹவாய்த் துறவிச் சீல் பதில் சொல்கிறது. 154 இடங்களைச் சோதித்த ஓர் ஆய்வில் எட்டில் மட்டுமே வேறுபாடு தெரிந்தது. முலையூட்டிகளில் இவ்வளவு குறைவானவை அரிது. அதற்காக யாரும் கைகழுவிவிடவில்லை. வலைத்துண்டுகளில் மாட்டியவற்றை விடுவித்தார்கள்; மெலிந்த குட்டிகளைப் பராமரித்தார்கள். 2016 முதல், வடகடற் சீல்களைக் கொன்ற வைரசு வகைக்கு எதிராகக் காட்டுச் சீல்களுக்கே தடுப்பூசி போடுகிறார்கள். பரம்பரையலகு தராத தட்டை மனிதர் முழுமையாகத் தர முடியாது. ஆனால் பரிசோதகரை முன்கூட்டியே எச்சரித்து வைக்க முடியும். 2022இல் இவற்றின் தொகை 1,500ஐத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எதிருருக்களின் எண்ணிக்கை, ஒரு குடித்தொகை அடுத்த நோயில் எவ்வளவு எளிதில் அடிபடும் என்பதைச் சொல்லும். அது ஏன் இவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு வேட்டைக்காரனின் கணக்குப் புத்தகத்தையும் மீன் சந்தையின் விலைப்பட்டியலையும் பார்க்க வேண்டும். பாக்கு நீரிணையில் எங்கள் மீனவர் அறிந்த ஆவுளியாவும் இன்று வலைகளுக்கு நடுவில்தான் மேய்கிறது. 2022இல் தமிழகக் கரையில் 448 சதுர கிலோமீற்றர் அதற்கெனப் பாதுகாக்கப்பட்டுள்ளது. நாளை ஒருவர் அதன் பரம்பரையலகுகளைச் சோதித்து வேறுபாடு குறைவு என்று அறிவித்தால், நாங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "அப்படியானால் அது பிழைக்குமா?" என்பதல்ல. "வலையை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?" என்பதே.