பெரியோடான்டிக்ஸ்: பரிந்துரைச் சீட்டில் உள்ள சொல்லின் பொருள்

நீரிழிவுக்காக எங்களிடம் வருவோர் சிலருக்கு மருந்துச் சீட்டுடன் 'பெரியோடான்டிக்ஸ்' என்று எழுதிய பரிந்துரைச் சீட்டையும் தருகிறோம். "சர்க்கரைக்குத்தானே வந்தோம், பல் மருத்துவரிடம் எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். பெயர் விளங்காததால் அந்தச் சீட்டு பையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே அச்சொல்லின் பொருளையும் வழக்கையும் இங்கே விளக்குகிறோம்.

சொல்லின் பொருள்

இது கிரேக்க வேர்களிலிருந்து அமைந்த ஆங்கிலச் சொல். 'பெரி' என்பது 'சுற்றி' எனவும், 'ஓடோன்ட்' என்பது 'பல்' எனவும் பொருள்படும். பல்லைச் சுற்றியிருந்து அதைத் தாங்குபவை நான்கு: ஈறு, பல்வேரைப் பொதிந்துள்ள எலும்பு, வேரின் மேல் படிந்த சிமென்டம் என்னும் மெல்லிய படலம், வேரையும் எலும்பையும் பிணைக்கும் நார்த்திசு. இவற்றின் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதே இத்துறையின் பணி. பல்லில் சொத்தை சிறிதும் இல்லாவிட்டாலும், இவை நலிந்தால் பல் ஆடி விழுந்துவிடும்.

பிற பல் மருத்துவத் துறைகளின் பெயர்களிலும் 'ஓடோன்ட்' வரும், முன்னொட்டுதான் மாறும். 'எண்டோ' என்றால் உள்ளே. பல்லின் உட்பகுதிக்கு வேர் சிகிச்சை செய்வது எண்டோடான்டிக்ஸ். 'ஆர்த்தோ' என்றால் நேரான. கம்பி கட்டிப் பல்வரிசையைச் சீராக்குவது ஆர்த்தோடான்டிக்ஸ்.

சீட்டில் வரும் வடிவங்கள்

'பெரியோடான்டிக்ஸ்' என்பது துறையின் பெயர். சில பலகைகளில் 'பெரியோடான்டாலஜி' என்று இருக்கும். இரண்டும் ஒரே துறையைக் குறிப்பவையே. 'பெரியோடான்டிஸ்ட்' என்பவர் அத்துறையின் மருத்துவர். இந்தியாவில் பி.டி.எஸ். படிப்பை முடித்தபின் மேலும் 3 ஆண்டுகள் எம்.டி.எஸ். பயின்றவர். 'பெரியோடான்டைட்டிஸ்' என்பது நோயின் பெயர். டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் ஆகியவற்றில் உள்ளதுபோல, 'ஐட்டிஸ்' என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கிறது.

'ஜிஞ்சிவைட்டிஸ்' என்று எழுதியிருந்தால் அழற்சி ஈறளவில் நிற்கிறது என்று பொருள். முறையாகச் சுத்தம் செய்தால் அது முழுமையாகக் குணமாகும். பெரியோடான்டைட்டிஸ் எனில் எலும்பும் கரையத் தொடங்கிவிட்டது. சிகிச்சையால் அதை நிறுத்தலாம். கரைந்த எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே காலம் தாழ்த்தாமல் செல்வது முக்கியம். சிரமம் என்னவெனில், இந்நோய் முற்றும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

பரிசோதனையில் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலை நுழைத்து ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. 4 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம் கவனிக்கத்தக்கது.

நீரிழிவுக்கு என்ன தொடர்பு?

தொடர்பு இருவழிப்பட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறுகளில் தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்து நோய் விரைவில் முற்றுகிறது. ஈறுகளில் நீடிக்கும் அழற்சியோ இன்சுலினின் செயலைத் தடுத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அது மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மாற்றாகாது.

பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு வீங்குதல் அல்லது கீழிறங்குதல், நீங்காத வாய்நாற்றம், பல் ஆடுதல், பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள். புகைபிடிப்போருக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். அதை நலம் என்று கருத வேண்டாம்.

'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்பது சரியா?

சரியன்று. பல்லில் இறுகிப் படிந்த காரை, ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கலாம். அதை நீக்கியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. சுத்தம் செய்ததால் அது உண்டாவதில்லை. சில நாட்கள் பல் கூசுவது இயல்பு.

செல்லும் முன்

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், அண்மைய சர்க்கரை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். வேறுவிதமாக அறிவுறுத்தப்படாவிட்டால், வழக்கமான உணவையும் சர்க்கரை மருந்தையும் தவிர்க்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் கருவுற்றவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் முதியவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். வலி இல்லை என்று அவர்கள் சொன்னாலும், துலக்கிய பின் கொப்பளித்த நீரில் இரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பையில் இருக்கும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இவ்வாரமே அவர்களை அழைத்து வாருங்கள்.