போர்டுக்கும் ஒரு ரேஷன் கார்டு!

பென் டிரைவைச் செருகியவுடன் உங்கள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்கிறது. எப்படி? யு.எஸ்.பி. சாதனங்கள் தாம் யார் என்பதைத் தாமே சொல்லிவிடுகின்றன. ராஸ்பெரி பை போன்ற சிறிய போர்டுகளில் இந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. எந்தப் பின்னில் எது இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்கு நாம்தான் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலின் பெயர் டிவைஸ் ட்ரீ. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் ரேஷன் கார்டு போல.

முன்பு ஏ.ஆர்.எம். போர்டுகளுக்கு இந்த விவரங்கள் கெர்னலின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தன. போர்டுக்கு ஒரு கெர்னல் என்று பெருகியதைக் கண்டு 2011ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கோபப்பட்டார். (அவர் பயன்படுத்திய சொற்களை இங்கே அச்சிட முடியாது!) 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7ல் தொடங்கி, பல நிறுவன போர்டுகளுக்கு ஒரே கெர்னல் போதும் என்றாயிற்று. மாறுவது டிவைஸ் ட்ரீ பைல் மட்டுமே. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி ப்ராசசர் 2018ல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது சார்ந்த ரிஸ்க்-பைவ் குடும்பத்திலும் இதே முறைதான்.

எங்கள் கம்பம், போடி பக்கத்தில் பலருக்கு மலைமேல் ஏலத்தோட்டம் உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பம் 50 டிகிரி அளவில் சீராக இருக்க வேண்டும். ஏறிப்போனால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போய்விடும். இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கும் நண்பர் ஒருவருக்காக ராஸ்பெரி பையில் டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சாரை இணைத்தேன்.

சிவப்பு ஒயர் 1ம் பின்னில் (3.3 வோல்ட்), கறுப்பு 6ல், டேட்டா ஒயர் 7ல். சிவப்புக்கும் டேட்டாவுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் அவசியம். 5 வோல்ட் பின்னில் இணைத்துவிடாதீர்கள்; போர்டு வீணாகலாம்.

பிறகு கான்பிக்.டெக்ஸ்ட் பைலைத் திறந்து, கடைசியில் இந்த வரியை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திடுங்கள்: டிடிஓவர்லே=டபிள்யூ1-ஜிபிஐஓ. சேவ் செய்து ரீபூட் செய்திடுங்கள். ஓவர்லே என்பது மூலப் பட்டியலைத் தொடாமல் அதன்மேல் ஒட்டும் சீட்டு. புது மருமகள் பெயரை கார்டில் சேர்ப்பது போல. அதிலுள்ள 'கம்பாட்டிபிள்' என்ற பெயரைப் பார்த்துத்தான் கெர்னல் பொருத்தமான டிரைவரைத் தேடி எடுக்கிறது.

இப்போது சிஸ் போல்டருக்குள் பஸ், டபிள்யூ1, டிவைசஸ் என்று சென்றால், 28 என்று தொடங்கும் போல்டர் தெரியும். அதிலுள்ள டபிள்யூ1_ஸ்லேவ் பைலின் இறுதியில் 51250 என்று இருந்தால் வெப்பம் 51.25 டிகிரி.

இன்னொரு விஷயம். ராஸ்பெரி பை 4 வரையான மாடல்களில் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், இன்டர்நெட் இல்லாத மலையில் நேரம் தவறாகிவிடும். எந்த மணிக்குச் சூடு ஏறியது என்று தெரியாது. டிஎஸ்3231 கடிகார மாட்யூலை வாங்கி இணைத்து, டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231 என்ற வரியையும் அதே பைலில் சேர்த்துவிடுங்கள்.